தம்பி வந்தால் போடுகிற அளவு

அன்பு மக்கா ஆன்றோ,

முதலில் அங்கே யார் யார் இருந்தோம் என்று எழுதிவிடுகிறேன். நீ எந்த அளவை எடுத்தாலும் முதல் வரியில் ஆட்களின் பெயரைத்தான் எழுதுவாய். "நாளைக்கு யாராவது கேட்டா சாட்சி வேணும்லா அக்கா" என்பாய். நான் அளவெடுக்கப் போன அன்று தும்பு ஆலையில் கனகக்கா இருந்தார், சுலோச்சனா இருந்தாள், உருளைக்குக் கதம்பல் எடுத்துக் கொடுக்கிற மேரி பாக்கியம் இருந்தாள், கரண்டு வேலை பார்க்கிற தாசன் அண்ணன் இருந்தார். கூட நான். உன் அத்தான் என்னையும் தராசையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வர அவருக்கு மனம் ஒப்பவில்லை. நீ இல்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

உனக்கு முதலாம் ஆண்டு நினைவு வருகிறது. பங்குக் கோயில் மலரில் ஒரு படமும் நாலு வரியும் போடலாம் என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன், நாலு வரியில் அடங்கவில்லை. உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்கே திருப்பிச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

டிப்ளமோ முடித்து, வளைகுடாவில் பம்பும் கியர்பாக்ஸும் பழுது பார்த்துவிட்டு நீ ஊர் திரும்பியபோது, இனி வீடு கட்டுவாய், பெண் பார்க்கலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீ என் வீட்டுப் பின்பக்கம் இருந்த விறகுப்புரையைக் காலி செய்து அதில் ஒரு மோட்டாரைக் கொண்டு வைத்தாய். ஐஸ் ஆலை, மாவு மில், தும்பு ஆலை என்று எங்கே பெல்ட்டும் பல்சக்கரமும் சுற்றுகிறதோ அங்கே போய், மோட்டார் இழுக்கிற கரண்டில் எத்தனை பங்கு வேலைக்குப் போகிறது, எத்தனை பங்கு நடுவழியில் சூடாகி வீணாகிறது என்று அளந்து சொல்லுவாய். "இதுக்கு எவன் காசு குடுப்பான்?" என்று உன் அத்தான் கேட்டார். சிலர் கொடுத்தார்கள். சிலர் மீன் கொடுத்தார்கள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நம் வீட்டு மாவு கிரைண்டரை வைத்துத்தான் நீ சொல்லித் தந்தாய். "நீ மாசக் கணக்கு எழுதுதியே அக்கா, இதும் அதேதான். வந்தது எவ்வளவு, வேலைக்குப் போனது எவ்வளவு, எங்க போச்சுன்னு தெரியாதது எவ்வளவு." எங்கே போனதென்று தெரியாமல் ஒரு ரூபாய் குறைந்தாலும் எனக்கு அன்று சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு என்னை உள்ளே இழுத்துவிட்டாய். அடுப்படி ஒழிந்த மதிய நேரங்களில் உன் புத்தகங்களை எடுத்துத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். நீ ஆலைகளில் எடுத்து வருகிற எண்களைப் பெருக்கி வகுத்துத் தருவது என் வேலையானது. ஆலைக்கு மட்டும் நான் ஒருநாளும் வந்ததில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். வேண்டாம், அதற்கு முடிவே கிடையாது.

கனகக்காவின் ஆலை முட்டம் போகிற வழியில், ரோட்டிலிருந்து தென்னந்தோப்புக்குள்ளே தள்ளி இருக்கிறது. கடல் ஏறி வந்ததே, அதற்குப் பிறகு பெண்கள் சேர்ந்து குழுவாகத் தொடங்கியது. கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, இரண்டு இரும்பு உருளைக்கு நடுவே விட்டு நசுக்குவார்கள். அதன் பிறகுதான் அது தும்பு அடிக்கிற இயந்திரத்துக்குப் போகும். மோட்டார் வேகமாகச் சுற்றும், உருளையோ மெதுவாக, வலுவாகச் சுற்ற வேண்டும். நடுவிலே வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டித் தருகிற பெட்டிதான் கியர்பாக்ஸ். அங்கே முதலில் இருந்தது திருகுப் பல் வைத்த பழைய பெட்டி. தொட்டால் கை பொள்ளும். நீ போய் அளந்தாய். மோட்டார் எடுத்த கரண்டில் பாதிகூட உருளைக்குப் போய்ச் சேரவில்லை.

"பாதிய தின்னுட்டு மிச்சத்தத்தான் உங்களுக்குத் தருது" என்று நீ அவர்களிடம் சொன்னாயாம்.

"எனக்க மாப்பிளையும் அப்படித்தான் தம்பி. அவரையும் மாத்திரலாமா?" என்று சுலோச்சனா கேட்டாளாம். நீ காது சிவந்து குனிந்துகொண்டாயாம். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

நீ சாய்ந்த பல் வைத்த வேறு பெட்டி வாங்கச் சொன்னாய். குழுவின் சேமிப்பு அதில் போயிற்று. புது மோட்டாரையும் பெட்டியையும் ஒன்றாகப் பூட்டி, உருளையின் தண்டிலேயே தொங்கவிட்டாய். தரையோடு இறுக்கவில்லை. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ஓர் இரும்புக் கையின் நுனியை மட்டும், அளக்கிற நாளில் மீன் நிறுக்கிற தராசின் மேல் வைத்தாய். உருளை ஒரு பக்கம் எவ்வளவு வலுவாகச் சுற்றுகிறதோ, அவ்வளவு வலுவாகப் பெட்டி மறுபக்கம் திரும்பப் பார்க்கும், கை தராசை அழுத்தும். அந்த அழுத்தத்தையும் உருளையின் வேகத்தையும் வைத்து, உருளைக்குப் போன வேலையைக் கணக்கிடலாம். மோட்டாரின் வயரில் தாசன் அண்ணன் மாட்டுகிற தனி மீட்டரில், மோட்டார் எடுத்த கரண்டு தெரியும். ஒன்றை மற்றதால் வகுத்தால் நூற்றுக்கு இத்தனை என்று வரும். இதற்கென்றே விலைகூடிய கருவிகள் உண்டு, நமக்கு இது போதும் என்றாய்.

எண்பதுக்கு மேல் வரும் என்று நீ சொல்லியிருந்தாய். அறுபதைத் தொடவே தடுமாறியது. அடுத்த மாதமும் போனாய், அதே. எண்ணெய் மாற்றிவிட்டுப் போனாய், அதே. என் கணக்கில்தான் பிழையோ என்று நானும் நீயும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தராசின் முள்தான் குறைவாகக் காட்டியிருந்தது. உருளைக்குப் பெரிதாக வேலையே இல்லை என்றது அது.

நீ அவர்களிடம் கேட்டாய். "எப்பவும் இவ்வளவு கதம்பல்தானா போடுவிய?" "ஆமா தம்பி, இவ்வளவுதான்" என்றார்கள். நீ நம்பினாய். அந்த ஆலையில் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டு மீட்டர், மாத பில்லைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்லவும் வழியில்லை. அவர்கள் சொல்லை நம்பாமல் வேறு எதை நம்புவாய்?

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய். "பெட்டி தப்பில்ல அக்கா, நான் எடுத்த முடிவு தப்பு. சின்ன வேலைக்குப் பெரிய பெட்டிய வாங்கிக் குடுத்துட்டேன். பெரிய பெட்டி சும்மா சுத்துததுக்கே தனியா ஒரு பங்கு தின்னும்." மறுநாள் ஆலைக்குப் போய்க் குழுவின் முன்னால் நின்று, தப்பு உன்னுடையது என்று மட்டும் சொன்னாயாமே. யாரும் உன்னைக் கேட்கவில்லை. யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அதன் பிறகு காய்ச்சல். அதன் பிறகு மஞ்சள்காமாலை, நாகர்கோவில் ஆஸ்பத்திரி. கண் இரண்டும் மஞ்சளாகிக் கிடக்கையிலும் உனக்கு அதே பேச்சுதான்.

"அக்கா, அந்தப் பெட்டியக் கழத்திரணும். இன்னொரு தடவ அளவெடுத்து, சின்னதா ஒண்ணு பாத்து மாட்டிக் குடு. பெண்ணுவளுக்க காசு அது."

"நீ எந்திரிச்சு வந்து மாட்டு."

"சத்தியம் பண்ணு."

ஜெபமாலை கையில்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன். அதற்குப் பிறகு நீ கணக்கு எதுவும் என்னிடம் பேசவில்லை.

விறகுப்புரையைத் திறக்க எனக்கு மாதங்கள் ஆயின. திறந்ததும் எண்ணெய் வாசனை வந்தது, திரும்பவும் பூட்டிவிட்டேன். ஆனால் ஜெபமாலையைப் பிடித்துச் சொன்ன சத்தியம், இரவு ஜெபத்தில் தினமும் குறுக்கே வந்து நின்றது. பெட்டியைக் கழற்ற வேண்டும், அதற்கு முன் ஒரு தடவை அளக்க வேண்டும். அப்படித்தான் அன்று தராசைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனேன்.

தாசன் அண்ணன் மீட்டரை மாட்டினார். தராசுக்கு அடியில் பழைய டயர்த் துண்டை வைத்தேன், இல்லையென்றால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். இயந்திரம் ஓடாதபோது கை எவ்வளவு அழுத்துகிறது என்று முதலில் எழுதிக்கொண்டேன். அதைப் பின்னால் கழிக்க வேண்டும். எல்லாம் நீ சொல்லித் தந்தபடியேதான். பிறகு, "போடுங்கக்கா" என்றேன்.

கனகக்கா கதம்பலைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"மக்ளே, தம்பி வந்தா போடுத மாதிரி போடணுமா? இல்ல, எங்களுக்குப் போடுத மாதிரி போடணுமா?"

"அதென்னக்கா ரெண்டு மாதிரி?"

மேரி பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு. சுலோச்சனாதான் போட்டு உடைத்தாள்.

"எல்லாம் இந்தக் கிழவிக்க புத்தி எக்கா. புதுப்பெட்டி வந்த அன்னைக்கே சட்டம் போட்டுட்டா. வீட்டுக்கு வந்த மருமவள மொத நாளே தண்ணிக்கொடம் தூக்க விடுவமா, தம்பி அளக்க வரும்போ பாதி கதம்பல்தான் போடணும்னு."

"ஆமா, சொன்னேன். அதுக்கென்னட்டி இப்போ?" என்றார் கனகக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "பழைய பெட்டிய அளந்தப்ப நாங்க வரிஞ்சு கட்டிகிட்டுப் போட்டோம் மக்ளே. பெட்டி பொகஞ்சுது. அந்தப் பிள்ளைக்க மொகமே செத்துப் போச்சு. பாதிய தின்னுதுக்கா, பாதிய தின்னுதுக்கான்னு அதையே சொல்லிகிட்டு இருந்து. சொமையக் கொறச்சா தின்னுததும் கொறயும்லா? அவன் கெட்டிக் கூட்டிட்டு வந்த பொண்ணு இது ஒண்ணுதான். நல்ல பேரு எடுக்கட்டும்னு நெனச்சோம்."

"எப்பவும் இவ்வளவுதானான்னு அவன் கேட்டானே அக்கா?"

"கேட்டான். ஆமான்னு சொன்னேன். அதோட விட்டனா? அடுத்தடுத்து வந்தப்பவும் அதே கூடையில அதே அளவுதான் அளந்து போட்டேன். கூட்டிக் கொறச்சா பிள்ளைக்க கணக்கு கொழம்பிரும்லா?"

எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா. நீ இருந்திருந்தால் அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உட்கார்ந்து, பிறகு சிரித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். சிரித்திருப்பாயா?

"உங்களுக்குப் போடுத மாதிரியே போடுங்க அக்கா" என்றேன்.

போட்டார்கள். கை நிறைய, மேலுக்கு மேல். உருளை முனகியது, மட்டையிலிருந்து தண்ணீர் பிழிந்து ஓடியது. தராசின் முள் ஏறி, ஆடி, நின்றது. நான் எழுதினேன். தாசன் அண்ணன் மீட்டரைப் படித்துச் சொன்னார். உருளையில் சாக்பீஸ் கோடு போட்டு எத்தனை சுற்று என்று மேரி பாக்கியம் எண்ணினாள். ஒரு கதம்பல் மூட்டையின் மேல் தாளை வைத்து வகுத்துப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியது. திரும்பவும் எல்லாவற்றையும் எடுத்தோம். திரும்பவும் தாண்டியது. தாசன் அண்ணனிடம் தாளை நீட்டினேன். அவர் தானும் ஒருமுறை வகுத்துப் பார்த்தார்.

"பய சொன்ன எண்ணுதான் லில்லி" என்றார். சொல்லிவிட்டு மீட்டரைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ தேர்ந்தெடுத்தது சரி, மக்கா. அந்தப் பெட்டியின் அளவு சரி. பெண்கள் தினமும் போடுகிற பாரத்துக்கு, நீ முதலில் பார்த்துப் பார்த்துச் சொன்ன அதே அளவுதான் வேண்டும். சின்னப் பெட்டியை மாட்டியிருந்தால் பல் தெறித்திருக்கும்.

"என்ன மக்ளே, எண்ணு கொறவா?" கனகக்கா கேட்டார்.

"இல்லக்கா. நல்லா வந்திருக்கு."

"பொறவு என்னத்துக்குக் கண்ணு நெறயுது?"

"தூசி."

"இங்க தூசிக்கா பஞ்சம்" என்று அவர் நகர்ந்தார். நான் மூச்சு விட்டேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "அப்போ தம்பிக்கு மட்டும் ஏன் கொறச்சுக் காட்டிச்சு? சொமை கொறவாத்தானே போட்டோம்?"

தராசு அப்போது சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தராசைக் கொண்டு வந்தவன் நீ. தராசு சரியில்லை என்றால் நீ சரியில்லை என்றுதான் அர்த்தம். உன் மேல் ஏற்கனவே ஒரு பழி இருந்தது, நீயே ஏற்றிக்கொண்டது. அதை இறக்கப் போன இடத்தில் இன்னொன்றை ஏற்ற எனக்குக் கை வரவில்லை.

முட்டத்துக்குப் போகிற பஸ்ஸை வைத்துச் சொன்னேன். பஸ்ஸில் நாலே பேர் இருந்தாலும், பஸ் தன் உடம்பைத் தானே இழுத்துக்கொண்டு போக ஓர் அளவு டீசல் வேண்டும். அதை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்குக் கொள்ளையாகத் தெரியும். பஸ் நிறைய ஆள் ஏறினால் கொஞ்சம் டீசல் கூடும், ஆனால் ஆளுக்கு வருகிற பங்கு குறைந்துவிடும். பெட்டியும் அப்படித்தான் அக்கா. பல் உரசுவதற்கு, எண்ணெயைக் கலக்குவதற்கு, மோட்டார் சும்மா சுற்றுவதற்கு என்று ஒரு செலவு. பாரம் குறைந்தால் அந்தச் செலவு கூடவே குறைந்துவிடாது. பாதிச் சுமையில் பார்த்தால், வேலையோடு ஒப்பிட்டால் தீனி பெரிதாகத் தெரியும்.

கனகக்காவுக்கு எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

"மோட்டார அணைட்டி" என்றார் சுலோச்சனாவிடம்.

"எக்கா, இத நீங்க சொல்லித்தான் ஆவணுமா?" சுலோச்சனா என்னை முறைத்தாள். "போனவன் போயிட்டான். இருக்குதவளக் கொல்லுதிய."

"நீ மிண்டாத. அணை."

சத்தம் நின்றதும் ஆலைக்குள்ளே வேறு ஏதோ ஊர் போல இருந்தது. கனகக்கா கதம்பல் குவியலில் உட்கார்ந்தார்.

"இந்தா, இந்த எடத்துலதான் நின்னான். என் தப்பு, உங்க காச வீணாக்கிட்டேன்னு சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா மக்ளே? 'போட்டும் தம்பி, படிச்சவனுக்கும் தப்பு வரும்லா'ன்னு சொன்னேன். ஆறுதலுக்குச் சொன்னேன்."

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தராசைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆட்டோவில் உன் அத்தான், "என்னாச்சு?" என்றார். "அவன் கணக்கு சரி" என்றேன். அவர் ஆட்டோக்காரரிடம் "செத்த நேரம் நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி, தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நம் வீட்டு ஆண்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அவனுக்க கணக்கு என்னைக்குட்டி தப்பா இருந்து?" என்று கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது, மக்கா. உன்னிடம் மறைக்க மாட்டேன். சில நாட்கள் அந்தப் பெண்களின் பெயரைக்கூட வீட்டில் யாரையும் சொல்லவிடவில்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் நீ அந்தப் பாரத்தோடு கண்ணை மூடியிருக்க மாட்டாயே. ஜெபம் சொல்ல உட்கார்ந்தால், மன்னிப்பு வருகிற வரியில் நின்றுவிடுவேன். நமக்குத் தீங்கு செய்தவரை மன்னிக்க ஜெபம் இருக்கிறது. கனகக்கா என்ன தீங்கு செய்தார்? உன் பெட்டிக்கு நல்ல பேர் வரட்டும் என்று, தான் சம்பாதிப்பதில் பாதியைக் குறைத்துக்கொண்டு உருளைக்கு மட்டை போட்டார். அன்பு வைத்துக் கெடுத்தவரை மன்னிக்க எந்த ஜெபத்தைச் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர், "போய்ப் பாருங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

நான் போவதற்குள் கனகக்காவே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்தவர், கையில் ஒரு சீப்பு மட்டிப் பழத்தோடு நம் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மக்ளே, நீ தெனமும் ஜெபம் பண்ணுத ஆளு. தம்பிட்ட பேசுவியாமே, சுலோச்சனா சொன்னா."

"பேசுவேன். பதில் ஒண்ணும் வராது அக்கா."

"வரும், வராம எங்க போவுது. ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. நாங்க கொறச்சுப் போட்டது அவனுக்கு அங்க போனப் பொறவாவது தெரிஞ்சிருக்கும்லா? தெரிஞ்சா எங்கள என்ன நெனச்சிருப்பான்?"

"அவன் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டான்."

"நீ சொல்லாத. அவன்ட்ட கேட்டுச் சொல்லு."

நான் என்ன சொல்லியும் அவர் ஏற்கவில்லை. நான் சொல்வது ஆறுதல் என்கிறார். ஆறுதல் வார்த்தை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியுமாம்.

கல்லறைத் திருநாள் அன்று சாயந்திரம் உனக்கு மெழுகுதிரி கொளுத்த வந்தோமே, அப்போது கனகக்கா வெளியே மதில் ஓரமாக நின்றதைப் பார்த்தாயா? அவர் வைகுண்டசாமியைக் கும்பிடுகிற அய்யாவழிக்காரர், நம் கல்லறைத் தோட்டத்துக்குள் வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். உன் முன்னால் நின்று கும்பிட்டார். திரும்பும்போது அதே கேள்வி. "பதில் வந்தா மக்ளே?" இன்னும் இல்லை என்றேன். "செரி, அவனுக்கு வேல இருக்கும்" என்றார்.

இங்கே மற்ற விஷயங்கள் சொல்கிறேன். முட்டத்து ஐஸ் ஆலைக்காரர் பெல்ட் அளக்க உன்னைத் தேடி வந்தார், விவரம் தெரியாமல். தெரிந்ததும் போகத் திரும்பினார். நான் வரட்டுமா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தராசு உங்ககிட்ட இருக்கா?" என்றார். போய் அளந்து கொடுத்தேன். அளக்க வருகிறார்கள் என்று எதையும் மாற்றாதீர்கள், நாள்தோறும் ஓடுகிறபடியே ஓடட்டும் என்று அங்கே முதலில் சொன்னேன். உனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது. வந்தவனுக்காகச் சுமையைக் குறைக்கிற ஆட்கள் இருப்பார்கள் என்று எழுதினவர்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. அடுத்ததற்குத் தேதி கேட்டிருக்கிறோம். அத்தான் விறகுப்புரைக்கு ஓடு மாற்றித் தந்தார். சுலோச்சனா இப்போது என்னிடம் பேசுகிறாள், கொஞ்சம் குத்தலோடு. "அளவுக்காரி வந்தாச்சு, எல்லாரும் வரிஞ்சு கட்டுங்க" என்பாள். பெட்டி தொட்டால் பொள்ளவில்லை, கை வைத்துக்கொண்டு நிற்கலாம். வைத்துக்கொண்டு நின்றேன்.

இதை அச்சில் போடலாமா என்று கனகக்காவிடம் வாசித்துக் காட்டிக் கேட்டேன். மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டு வாசித்தேன். "எனக்க பேரையும் போடு" என்றார். "தம்பி தப்புப் பண்ணலன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். நான்தான் சொன்னேன், நான்தான் கொறச்சேன். அதையும் போடு." போட்டுவிட்டேன்.

உனக்குச் செய்த சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. பெட்டியைக் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டேன். அதற்குப் பதிலாக வேறொன்று வாக்குத் தருகிறேன். என் கண்ணும் கையும் சரியாக இருக்கிற வரைக்கும், அந்த ஆலையின் உருளையை முழுப் பாரத்தில் நானே போய் அளப்பேன். வருகிற எண் நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி அந்தப் பெண்களுக்கும் உனக்கும் சொல்லுவேன். யாருடைய ஆறுதலுக்காகவும் ஒரு புள்ளி கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். கனகக்கா தனியாகக் குவியலில் உட்கார்ந்திருக்க இனி விடவும் மாட்டேன்.

அவர் கேட்டதை நான் கேட்டுவிட்டேன். கனவிலோ, ஜெபத்திலோ, உனக்கு எப்படி முடியுமோ அப்படிச் சொல். வெள்ளிக்கிழமை சந்தைக்கு அவர் வருவார், நம் வாசலில் நிற்பார். சீக்கிரம் பதில் தா, மக்கா.

உன் கூடப்பிறந்த அக்கா,
லில்லி